திரை இறக்காத கடை

காலையில் வெங்காய வாசனை வரவில்லையென்றால் பொழுது விடிந்ததாகவே கில்வாராவில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு தபாலாபீஸ், ஒரு தேவாலயம், ஒரு சாராயக்கடை, ஒற்றைக் குழாய் வைத்த பெட்ரோல் பங்க், அதற்கடுத்து ‘இந்தியன் கார்டன்’. கடல் உள்ளே புகுந்து ஸ்காட்லாந்து மலைகளின் காலடியில் முட்டி நிற்கிற இடத்தில் ஊர் என்று இருந்தது அவ்வளவுதான். கோடையில் மலை ஏற வருகிறவர்களும், வீட்டையே வண்டியாக்கி ஓட்டிக்கொண்டு வருகிறவர்களும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் இந்தக் கடை வாசலில்தான் வந்து நிற்பார்கள். பெயர்ப்பலகையில் இருக்கிற தோட்டமும் அங்கே கிடையாது, இந்தியாவும் கிடையாது. கடைக்காரர் முகித் மியா வங்காளதேசத்துச் சில்ஹெட்காரர். அதை அவர் யாரிடமும் திருத்திச் சொன்னதில்லை. “பசியோட வர்றவன்கிட்ட பூகோளப் பாடம் நடத்தச் சொல்றியா?” என்பார் மனைவி ஜொபேதாவிடம்.

காலையில் ஒரு மூட்டை வெங்காயத்தை நறுக்கிப் பெரிய டேக்சாவில் கொட்டி, எண்ணெய் விட்டு மூடி, மெல்லிய தீயில் வேக விடுவார். அன்றைக்கு விற்கப்போகிற அத்தனை குழம்புக்கும் அதுதான் அடி. அந்த வாசனை தண்ணீரோரமாகவே நடந்து படகுத்துறை வரைக்கும் போகும். வந்த புதிதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு போன ஊர், அப்புறம் அதை வைத்துத்தான் அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தது. விடியுமுன் கடலுக்குப் போன படகுகள் மூடுபனியில் திரும்பி வரும்போது வெங்காயம் அடித்தால் கரை பக்கம் என்று தெரிந்துகொள்வார்களாம். முகித் மியா இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த மூட்டைமேல் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தவர், “கொஞ்சம் அசதியா இருக்கு ஜொபேதா” என்றார். அசதி என்கிற சொல்லை அவர் வாயால் கேட்டே அறியாதவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் மூட்டை சரிந்து வெங்காயம் தரையெல்லாம் உருண்டது. ஹெலிகாப்டர் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கியது. அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனது. அவளுக்கு அதில் இடமில்லை. மத்தியானம் பெரிய ஊர் இன்வெர்னஸிலிருந்து தொலைபேசி வந்தது, மௌத்தாகிவிட்டார் என்று. கிளம்புவதற்குள் அன்று சாயங்காலமே பிடித்த மழையில் மலை சரிந்து, ஊருக்கு இருந்த ஒரே ரோட்டையும் மூடிக்கொண்டது.

பர்மிங்ஹாமில் கட்டிக்கொடுத்த மகள் நசீமா விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். அவளாலும் இன்வெர்னஸுக்கு இப்பால் வர முடியவில்லை. மையித்து அங்கே ஆஸ்பத்திரியில், மகள் அங்கே, சொந்தபந்தமெல்லாம் அங்கே. பெண்டாட்டி மட்டும் இங்கே. வெள்ளிக்கிழமை காலையில் ரோடு திறக்கும் என்றார்கள். திடீர்ச் சாவு என்பதால் கையெழுத்துப் போட வேண்டியவர் போட்டு, அதற்கு அப்புறம்தான் மையித்தைக் கொடுப்பார்களாம்.

ஜொபேதாவோடு வீட்டில் இருந்தது கணவரின் தம்பி சுக்கூர். கடையில் தந்தூரி அடுப்பு அவன் பொறுப்பு. நல்ல பையன்தான், நாற்பது வயதாகியும் பசி தாங்கமாட்டான்.

“பாபி, ஒரு முட்டையாவது வேக வச்சுக்கவா?” என்றான் அண்ணியிடம், வியாழக்கிழமை மத்தியானம்.

“மௌத்தான வீட்டுல மூணு நாள் அடுப்பு எரியக்கூடாது. உனக்குத் தெரியாதா?”

“தெரியும். நம்ம ஊர்ல எரியாது. ஏன் எரியாது? பக்கத்து வீட்டுல எரியும். எங்க அப்பா மௌத்தானப்ப குளிப்பாட்டியே முடிக்கல, அதுக்குள்ள தெருவே சோத்தைத் தூக்கிக்கிட்டு வந்துருச்சு. இங்க யாரு வருவா? இவனுங்களே சோத்துக்கு நம்ம கடைக்கு வர்றவனுங்க.”

“வராட்டி சும்மா கெட.”

“காலையில கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சீங்களே, அது மட்டும்?”

“அது கரண்டு. நெருப்பில்ல.”

“கரண்டு அடுப்பு ஒண்ணு மூலையில இருக்கே பாபி. அதுலயும் நெருப்பு இல்லையே.”

அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். சுக்கூர் வாயை மூடிக்கொண்டு அப்பள டப்பாவைத் திறந்தான். திங்கட்கிழமை பொரித்த அப்பளம், நமத்துப்போய் வளைந்தது. குளிர்பெட்டி நிறைய மசாலா தடவிய கோழி சிவந்து கிடந்தது. நான் ரொட்டிக்குப் பிசைந்த மாவு பொங்கி வழிந்து, எடுத்துக் கொட்டியாகிவிட்டது. ஊருக்கே சோறு போட்ட கடைக்குள் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேர் புதினாச் சட்னியைத் தொட்டு அப்பளம் தின்றார்கள்.

நசீமா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அம்மா, மையித்து வண்டிக்காரர் இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்லணும்ங்கிறார். பர்மிங்ஹாமுக்கு எடுத்துட்டுப் போறதா, இங்கயே அடக்கமான்னு.”

“இன்வெர்னஸ்ல நம்ம ஆளுங்களுக்கு ஒரு மூலை இருக்குன்னு உங்க அப்பா சொல்லுவார்.”

“இருக்கு, பாத்தேன். காத்து அடிச்சுக்கிட்டு ஒரு மூலை. அங்க அப்பாவை விட்டுட்டு நாங்க எல்லாரும் போயிடுவோம். நீ யாரோட இருப்ப? பர்மிங்ஹாம்னா தொழுகைக்குப் பள்ளிவாசலே நிக்கும். வெள்ளிக்கு வெள்ளி நான் போய் அப்பா கபரை ஜியாரத் பண்ணுவேன். நீயும் என்கூட வந்து இருந்துக்க.”

“அப்பா இந்தத் தண்ணிய விட்டு எங்கயும் வரமாட்டேன்னு சொன்னாரே.”

“உசிரோட இருந்தப்ப சொன்னார். சோறு போட்டார், அவங்க சாப்பிட்டாங்க. அம்மா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. அந்த ஊர்ல ஒருத்தராவது மௌத்து வீட்டுக்குன்னு ஒரு வாய் சோறு கொண்டாந்தாங்களா?”

ஜொபேதா அப்பள டப்பாவை மூடினாள்.

“நீ சாப்பிட்டியா?”

“ம்.”

“என்ன சாப்பிட்ட?”

“அப்பளம்.”

அந்தப் பக்கத்தில் மகள் அழுகிற சத்தம் கேட்டது. “எட்டு மணிக்குச் சொல்றேன்” என்று ஜொபேதா வைத்துவிட்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்தே வரவில்லை. அதுவே அவளுக்கு ஒரு பயமாக இருந்தது.

மகள் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. கடையின் முகப்பில் சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு நாளாக அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போனார்கள். சாராயக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி, கண்ணாடியைப் பார்த்து ஒரு கணம் நின்று, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். தபால் கொடுக்கிற இஷ்பெல், தினமும் கதவைத் தட்டி ஒரு அதட்டல் போடாமல் போகாதவள், தபாலைச் சத்தமில்லாமல் கதவிடுக்கில் தள்ளிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். அவள் போவதைப் பார்த்தபோது ஜொபேதாவுக்கு நெஞ்சு எரிந்தது. இத்தனை வருஷமாக இவர்களுக்கா இந்த மனுஷன் வெந்தார் என்று இருந்தது.

முகித் மியாவுக்கு ஒரு பழக்கம். எவ்வளவு கூட்டமானாலும் சமையல் நடுவில் ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு வெளியே போய், மேசை மேசையாக நாற்காலி முதுகில் கையை வைத்து, “எல்லாம் சரியா இருக்கா?” என்று கேட்பார். கண்ணில் தண்ணீர் முட்ட, முகம் செங்கல்லாகச் சிவந்து உட்கார்ந்திருப்பவன்கூட “ரொம்ப நல்லா இருக்கு” என்பான். உள்ளே வந்து ஜொபேதாவிடம் சொல்லிச் சிரிப்பார். “கோயிலுக்கு ஒழுங்காப் போற ஜனங்க. பொய் சொல்றதுன்னா நம்ம கடையில மட்டும்தான்.” அவள் இதையெல்லாம் தட்டு நீட்டுகிற சாளரம் வழியாகப் பார்த்ததுதான். அந்த மண்டபத்தைக் காலையில் பெருக்குவாள், மேசைக்கு விரிப்புப் போடுவாள். ஒரு நாளும் அங்கே உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. ஊர் அவளை மிஸஸ் மியா என்று அழைத்ததோடு சரி. இவர்கள் தின்கிறதை நாம் தின்னமாட்டோம், நாம் தின்கிறதை இவர்கள் தின்னமாட்டார்கள், இடையில் ஒரு சாளரம் போதும் என்று அவளும் இருந்துவிட்டாள்.

சாயங்காலம் ஆனதும் முகப்பில் ‘திறந்திருக்கிறது’ என்கிற விளக்கு தானாக எரிந்தது. அதை எந்தப் பொத்தானில் நிறுத்துவது என்று முகித் மியாவுக்கு மட்டும்தான் தெரியும். சுக்கூர் இரண்டு நாளாகத் தேடி, கக்கூஸ் விளக்கை அணைத்ததுதான் மிச்சம். விளக்கைப் பார்த்துவிட்டு மழையில் நனைந்த ஒரு சோடி கதவைத் தட்டியது. முதுகில் மூட்டை, முழங்கால் வரை சேறு. ரோடு மூடியதில் ஊருக்குள் மாட்டிக்கொண்டவர்கள்.

“கடை இல்ல. சாவு” என்றான் சுக்கூர்.

அவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். ஜொபேதா எழுந்துபோய் வீட்டில் கிடந்த ரொட்டியில் பாதியையும் மாங்காய் ஊறுகாய்ப் புட்டியையும் கொண்டுவந்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

“நமக்கே இல்லாததை எடுத்துக் குடுங்க” என்றான் சுக்கூர், அவர்கள் போனபின்.

“வாசல்ல வந்து பசின்னு நின்னா என்னடா பண்றது?”

“அப்ப நம்ம பசிக்கு யார் வாசல்ல போய் நிக்கிறது? அண்ணனை பர்மிங்ஹாமுக்கே கொண்டு போவோம் பாபி. இங்க நமக்கு யாரும் இல்ல. நான் கோவத்துல சொல்லல.”

அவன் கோபத்தில் சொல்லவில்லை என்பதுதான் அவளைச் சுட்டது. சரி என்று சொல்லிவிடுவதற்காகத் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். அப்போது வாசல் மணி கிணுகிணுத்தது.

டூகல் உள்ளே வந்தான். இறால் படகுக்காரக் கிழவன். வியாழக்கிழமையானால் கரையேறிய கையோடு வந்து ஜன்னலோர மேசையில் உட்காருவான். வாழ்நாளெல்லாம் கடலில் மீன் பிடித்தவன், கடையில் மீனைத் தொடமாட்டான். ஆட்டுக்கறி, காரம் தூக்கலாக. இன்றைக்கு மீன்செதில் ஒட்டிய சட்டை இல்லை, கறுப்புக் கோட்டும் டையும். சுக்கூர் எழுந்தான். ஜொபேதா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கிழவன் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டான்.

“அடுப்பு இல்ல” என்றாள் ஜொபேதா.

“நான் சாப்பிட வரல, மிஸஸ் மியா. அடுப்பு இல்லன்னு தெரியும். வெங்காயம் வரலயே.” தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். “நேத்து மூடுபனியில துறைக்கு வந்து சேர்றதுக்குள்ள ரொம்ப சிரமப்பட்டுட்டோம்.”

அவள் தலையை ஆட்டினாள்.

“வீட்டுக்குள்ள வர எனக்கு உரிமையில்ல. ஆனா கடைன்னு வெளியில விளக்கு எரியுது. வியாழக்கிழமையும் ஆச்சு. வாடிக்கைக்காரன்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன். தப்புன்னா சொல்லிடுங்க, போயிடுறேன்.”

“ஏன் உரிமையில்ல?”

கிழவன் கண்ணாடியின் மேலே சுருட்டிக் கிடந்த திரையைக் காட்டினான்.

“அது இறங்கலையே.”

“எது?”

“திரை. சாவு வீட்டுல திரைய இறக்குவோம். இறக்கிட்டா வாங்கன்னு அர்த்தம். இறக்காத வீட்டுக்கு நாங்க போகமாட்டோம். அவங்களுக்கு இன்னும் மனசு ஒத்துக்கல, மனுஷர் முகம் பாக்க முடியலன்னு விட்டுருவோம். ரெண்டு நாளா ஊரே உங்க ஜன்னலைப் பாத்துட்டுப் பாத்துட்டுத்தான் போகுது. போதாததுக்கு இந்த விளக்கு வேற. இஷ்பெல் நேத்து தபாலாபீஸ்ல உக்காந்து அழுதா. அவங்க முறை என்னவோ, நம்ம போய்த் தட்டித் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு சொன்னா.”

ஜொபேதாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. அவள் இங்கிலீஷ் அப்படி. சுக்கூர் சில்ஹெட்டியில் எடுத்துச் சொன்னான். சொல்லி முடித்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

“ஒரு துணி! பாபி, ஒரு முழத் துணியை இறக்காம ரெண்டு நாளா அப்பளம் தின்னுருக்கோம்!”

“எங்க முறையில கூப்பிட வேண்டாம்” என்றாள் ஜொபேதா கிழவனிடம், ஒவ்வொரு சொல்லாகத் தேடி. “தானா வரணும். கூப்பிட்டா அசிங்கம். நாங்க காத்திருந்தோம்.”

“நாங்களும்தான்” என்றான் டூகல். “என் வீட்டுக்காரி ஏலி போனப்ப முகித் வந்தான். திரை இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகல, பெரிய பாத்திரத்தோட வாசல்ல நின்னான். அவனுக்கு இது தெரியும். உங்ககிட்ட சொல்லியிருப்பான்னு நினைச்சோம்.”

அந்தப் பாத்திரம் ஜொபேதாவுக்கு நினைவிருந்தது. பருப்பும் சோறும், அவள் ஆக்கியதுதான். யாருக்கென்று கேட்டதற்கு, நம்ம வியாழக்கிழமைக் கிழவன் வீட்டில் மௌத்து என்று சொல்லித் தூக்கிக்கொண்டு ஓடினார். திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவசியம் வரும் என்று அவர் எதற்கு நினைக்கப்போகிறார்.

அவள் ஜன்னலருகே போனாள். அந்தத் திரையை முகித் மியா ஒரு நாளும் இறக்கியதில்லை. வெளிச்சம் தெரிந்தால்தான் வண்டி நிற்கும் என்பார். அதற்காகத்தான் அவளும் அதைத் தொடாமல் இருந்தாள். அவர் விட்டுப்போனபடியே எல்லாம் இருந்தால், செவ்வாய்க்கிழமை காலை இன்னும் முடியவில்லை என்று எங்கோ ஓர் ஓரத்தில் மனசு நம்பிக்கொண்டிருந்தது. சங்கிலியைப் பிடித்து இழுத்தாள். துருவேறி இறுகியிருந்தது. சுக்கூர் உதவிக்கு வந்தபோது கிழவன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். தலையில் தூசி கொட்ட, திரை ஒரே மூச்சில் இறங்கியது. ரோடும் தண்ணீரும் மலையும் மறைந்துபோயின. கணவர் இனி வரமாட்டார் என்பது அப்போதுதான் அவளுக்கு உண்மையாயிற்று.

டூகல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். சுக்கூருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. “இவ்வளவுதானா?” என்றான்.

அவன் வாய் மூடவில்லை, வாசல் மணி அடித்தது. அப்புறம் அது நிற்கவே இல்லை. ஒருவர் பின் ஒருவராக, எல்லாரும் கறுப்பு உடுத்தி, நனைந்த தலையோடு வந்தார்கள். தயாராக இருந்து, திரைக்காகத்தான் காத்திருந்திருக்கிறார்கள் போல. வந்தவர்கள் ஜொபேதாவின் கையைப் பிடித்து ஒரு கணம் அழுத்திவிட்டு, அவரவர் வழக்கமாகச் சாப்பிடுகிற மேசையில் போய் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் முகித் மியா குழம்பு கட்டிக்கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பா. மூடியில் அவர் போட்ட மார்க்கர் கிறுக்கல், கழுவிக் கழுவி மங்கியது. இதையெல்லாம் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

இஷ்பெல் தன் டப்பாவைச் சாளரத்து விளிம்பில் வைத்துத் திறந்தாள்.

“கறி எதுவும் இல்ல மிஸஸ் மியா. எங்க பாத்திரத்துல பன்னி வெந்திருக்கும்னு எல்லாரும் தபாலாபீஸ்ல விக்கிற புதுச் சட்டி வாங்கித்தான் ஆக்கினோம். வெறும் மீனு, பாலு, உருளைக்கெழங்கு. கோழி வாங்க முகித் எதுக்கு க்ளாஸ்கோ வரைக்கும் வண்டி ஓட்டினான்னு எங்களுக்குத் தெரியாதா?”

ஜொபேதா தட்டு எடுக்க உள்ளே திரும்பினாள். இஷ்பெல் வழியை மறித்துக்கொண்டாள். ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துத் தன் இடுப்பில் கட்டினாள்.

“நீங்க உக்காருங்க.”

“இல்ல, நான்...”

“அட உக்காருங்கன்னா!” தபால் கொடுக்கும்போது போடுகிற அதே அதட்டல்.

டூகலின் ஜன்னலோர மேசையில் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். ஜொபேதா உட்கார்ந்தாள். கடை வைத்த நாளிலிருந்து முதல் தடவை. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க, சமையலறைச் சாளரம் மிகச் சின்னதாக இருந்தது. இவ்வளவு வருஷமும் இங்கே உட்கார்ந்தவர்களுக்கு அதில் தெரிந்தது தட்டை நீட்டுகிற தன் இரண்டு கைகள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

தொலைபேசி அடித்தது.

“அம்மா, எட்டு மணி ஆகுது. வண்டிக்காரர் நிக்கிறார். என்ன அங்க நாற்காலிச் சத்தம்? கடையத் திறந்துட்டீங்களா?”

“இல்லம்மா. சோறு வந்திருக்கு.”

“யாரு கொண்டாந்தா?”

ஜொபேதா சுற்றிப் பார்த்தாள். முக்கால்வாசிப் பேர் பெயர் அவளுக்குத் தெரியாது. காரம் கம்மி, பூண்டு நான், பாதாம் வேண்டாம் என்று அவர்கள் சாப்பாடுதான் தெரியும். “எல்லாரும்” என்றாள். “அப்பாவை இன்வெர்னஸ்லயே அடக்குவோம், நசீமா.”

“அம்மா, ஜனாஸாத் தொழுகைக்கு ஆள் வேணாமா?”

“தொழ நீங்க இருக்கீங்க. மண்ணு போட இவங்க வருவாங்க.” டூகலைப் பார்த்தாள். பாஷை புரியாவிட்டாலும் இன்வெர்னஸ் என்ற சொல் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“ரோடு திறந்த உடனே உங்க வண்டிக்குப் பின்னாடி நாங்க எல்லாரும் வர்றோம்” என்றான்.

“என்ன சோறும்மா?” என்றாள் நசீமா, சின்னப் பிள்ளைக் குரலில்.

“இனிமேதான் பாக்கணும்” என்றாள் ஜொபேதா.

இஷ்பெல் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். சுக்கூருக்கும் வைத்தாள். அவன் பிஸ்மி சொல்லிவிட்டு நிமிராமல் தின்றான். மற்ற யாரும் எதையும் தொடவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். ஜொபேதா கரண்டியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். வெதுவெதுவென்று, வெள்ளை வெளேரென்று இருந்தது. உப்பு போதவில்லை. மிளகாய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தக் கிண்ணத்துக்குத் தெரியாது.

டூகல் எழுந்து அவள் மேசைக்கு வந்தான். நாற்காலி முதுகில் கையை வைத்தான். யார் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

“எல்லாம் சரியா இருக்கா, மிஸஸ் மியா?”

ஜொபேதா கரண்டியை வைத்தாள். மண்டபம் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ரொம்ப நல்லா இருக்கு” என்றாள்.

சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமையிலிருந்து வராத அழுகை, தோளெல்லாம் குலுங்க வந்தது. யாரும் தேற்ற வரவில்லை, யாரும் எழுந்தும் போகவில்லை. அவள் அழுதபடியே கரண்டியை எடுத்து, கிண்ணம் காலியாகிறவரை சாப்பிட்டாள்.